இரண்டாவது சாவி

சைக்கிள் காணாமல் போனது போன வாரம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தக் காலைப்பொழுது மறந்திருக்காது. இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

ரோலரக்கா ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மொடமொடவென்று வாங்குகிற இயந்திரம் அவள் பொறுப்பு. அதனால்தான் அந்தப் பெயர். அவள் புருஷன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு விபத்துக்குப் பிறகு லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். வேலையும் கூடவே போயிற்று. இப்போது வீட்டில் இருக்கிறான். அக்கம்பக்கத்தில் இன்னமும் அவனை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஒரே மகள், குட்டி, இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

முதல் ஷிப்டு, பஸ் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். சைக்கிள் இல்லாமல் அந்த வேலை இல்லை. அந்தச் சைக்கிள், மாடிப்படிக்குக் கீழே கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருந்த இடத்திலிருந்து காணாமல் போயிற்று. முதல் ஷிப்டுக்கு அவளை மேஸ்திரி ஆக்கப்போவதாகச் சூப்பர்வைசரம்மா சொன்ன அதே வாரத்தில்.

அதன் பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பிந்தித்தான் போய்ச் சேர முடிந்தது. சூப்பர்வைசரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நீ வர்ற வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர் துணி காத்துக்கிட்டு நிக்காது. இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற ஆளை நிறுத்திடுவேன். எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நேற்றுத்தான் ஒரு வழி பிறந்தது. வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்கிற பெண் பிரசவத்துக்கு லீவு போட்டிருந்தாள். அவளுடைய சைக்கிள் சும்மாதான் கிடந்தது. கேட்டதும் கொடுத்தாள். கொடுக்கும்போது, "தொலைஞ்சிடுச்சுன்னு மட்டும் வந்து நிக்காதீங்கக்கா. நாளைக்குக் கைக்குழந்தைய விட்டுட்டு நானும் இதுல தான் ஓடி வரணும்" என்று சிரித்தாள். வாய்தான் சிரித்தது.

இன்று காலை அந்தச் சைக்கிளில் நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள். பூட்டு இல்லாததால் வண்டியைக் கூடத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்து, அழுக்குத்துணி வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினாள். சூப்பர்வைசரம்மா பார்த்தாள். இன்றைக்கு மட்டும்தான், நாளை முதல் வெளியே ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்றாள். ஸ்டாண்டில் நிறுத்திய வண்டிகள் எத்தனை போயிருக்கின்றன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சில நாட்களில் முன்சக்கரம் மட்டும் கம்பியோடு அநாதையாக நிற்கும்.

ஆக, இன்றைக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கியே ஆக வேண்டும்.

ஷிப்டு முடிந்ததும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் பேச்சுக்கு அலைகிறவர். வண்டி திருடு போன கதையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். சுவர் முழுக்க ஆணியில் பூட்டுகள் தொங்கின. அவள் முதலில் கையை நீட்டியது அவளுக்குப் பழக்கமான கேபிள் பூட்டுக்கு; பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, பாம்பு மாதிரி சுருண்டு கிடப்பது. அதற்கு ஒரு நல்ல கத்தரியே போதும் என்று கடைக்காரர் அதைத் தட்டிவிட்டார். பின்சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிற வளையப் பூட்டைக் காட்டினார். அது போட்டால் வண்டி உருளாது, ஆனால் தூக்கி வேனில் ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. நம்பர் பூட்டைப் பார்த்து அவள் கேட்டபோது, சாவி தொலையாது என்பதைத் தவிர அதில் விசேஷம் ஒன்றுமில்லை, விரல் பழகியவன் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தடவியே திறந்துவிடுவான் என்றார். சங்கிலிப் பூட்டு நல்லதுதான். ஆனால் அதைச் சுமந்துகொண்டு மேட்டில் மிதிக்க வேண்டும்.

கடைசியில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். குதிரை லாடம் மாதிரி வளைந்த கனத்த இரும்பு. இரண்டு முனையையும் ஒரு தண்டு பிடித்துக்கொள்ளும்.

"இது உடையாதா?" என்றாள்.

"உடையாத பூட்டுன்னு ஒண்ணு இல்லம்மா. இது உடைய நேரமாகும், அவ்வளவுதான். திருடனுக்கு அவசரம். உங்க வண்டிகிட்ட மல்லுக்கட்டுற நேரத்துல பக்கத்து வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப பக்கத்து வண்டிக்காரி?"

"அவங்களும் நாளைக்கு என்கிட்டதானே வரணும்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்படிப் பூட்டுவது என்று அவர் செய்து காட்டினார். சக்கரத்தை மட்டும் பிடித்தால் சக்கரம்தான் மிஞ்சும். சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து, அசையாத கம்பி ஒன்றோடு கட்ட வேண்டும். சாவித் துவாரம் தரையைப் பார்த்து இருக்கட்டும், சுத்தியல் போட வசதியாக மேலே பார்க்க வேண்டாம். கூடவே இரண்டு சாவி வரும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வைப்பது நல்லது.

பையில் போட்டுக் கொடுக்கும்போதுதான் கேட்டார். "ஆமா, பழைய பூட்டு எப்படி அறுந்து கெடந்துச்சு? நுனி நசுங்கி இருந்துச்சா, பளபளன்னு இருந்துச்சா?"

"கெடக்கலையே. பூட்டும் சேந்துதான் போச்சு."

"கம்பியோட சேத்துப் பூட்டலையா?"

"பூட்டினேனே."

"கம்பிய வளைச்சிருந்தானா?"

"இல்ல. கம்பி அப்படியேதான் இருக்கு."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அறுந்த பூட்டை எவன் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போவான் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அதற்குள் யாரோ பஞ்சர் என்று வந்து நிற்க, அந்தப் பேச்சு அதோடு விட்டுப்போயிற்று. பூட்டைச் சட்டத்தில் மாட்டி வைக்கிற பிடியை மட்டும் திருகிக் கொடுக்க அவருக்கு நேரமில்லை. வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் அந்தக் கம்பிதான் கண்முன் நின்றது. ஒரு கீறல்கூட இல்லாத கம்பி.

வீட்டில் டிரைவர் இல்லை. பிற்பகலில் அவன் தெருமுனைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவான். குட்டி பள்ளிக்கூடம் விட்டு நேராக அத்தை வீட்டுக்குப் போயிருப்பாள். போய் அழைத்து வர வேண்டும். அதற்கு முன் பிடியை மாட்டிவிடலாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து டிரைவரின் கருவிப் பையை இழுத்தாள். வேன் ஓட்டிய காலத்துக் கித்தான் பை. வேலை போனதிலிருந்து அதை யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை. மேலே கந்தல் துணி, அதற்குக் கீழே ஜாக்கிக் கைப்பிடி, ஸ்பானர்கள்.

ஸ்பானர்களுக்குக் கீழே அவளுடைய பழைய பூட்டு இருந்தது.

அறுக்கவில்லை. நசுக்கவில்லை. சிவப்பு உறை சுருண்டபடி, ஒரு காயமும் இல்லாமல் கிடந்தது. தலைப்பக்கத்தில் குட்டி நகப்பூச்சால் போட்ட பூ. துவாரத்தில் சாவி செருகியே இருந்தது. சமையலறை ஆணியில் அவள் நூல் கட்டி மாட்டி வைத்திருந்த மாற்றுச் சாவி அது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காலை அவன் என்னவெல்லாம் செய்தான் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி விசாரித்தான். தெருவில் நின்று திருடனின் பரம்பரையையே திட்டினான். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடவே வந்து, சைக்கிளின் அடையாளங்களை அவளைவிட விவரமாகச் சொன்னான். திரும்பி வரும்போது அவள் அழுதாள். அவன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, "போனா போகுது விடு. இனிமே நீ வேலைக்கே போக வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பேசியது. அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

பூட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஸ்பானர்களை மேலே அடுக்கினாள், கந்தலை மூடினாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு கீழே போய்ப் பிடியை மாட்டினாள். திருகு மரை கழன்றுவிடாமல், இறுக்க வேண்டிய அளவுக்கு இறுக்கினாள்.

குட்டியின் அத்தை, அதாவது ரோலரக்காவின் நாத்தனார், டிரைவருக்கு ஒரே தங்கை. மருந்துக்கடையில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக, கடைக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற மாதிரி அளந்துதான் வார்த்தை வரும். அண்ணனிடம் பேச்சு இன்னும் குறைவு. குட்டியிடம் மட்டும் விதிவிலக்கு.

ரோலரக்கா சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது குட்டி உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். வராந்தாவில் நின்று நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுக்குப் பரிந்துகொண்டு வருவாளோ, வேறு ஏதாவது காரணம் சொல்வாளோ என்று இவளுக்குப் பயம். நாத்தனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சைக்கிள் காணாமப் போச்சு அண்ணி" என்றாள்.

"எப்ப?"

"நர்ஸ் படிப்புக்கு இடம் கெடச்சப்ப. அப்பா சாகறதுக்கு முன்னாடி வாங்கிக் குடுத்த வண்டி. அது இல்லாம அவ்வளவு தூரம் போக முடியாது. அண்ணன் அன்னிக்கு நாள் பூரா என்கூடத் தேடினான். சாப்பிடக்கூட இல்ல."

நாத்தனார் சுவரில் உதிர்ந்திருந்த காரையை ஒரு விரலால் சுரண்டினாள்.

"வெயில் காலத்துல பின்னாடி இருந்த கால்வாய் வத்திச்சு. சேத்துல ஹேண்டில்பார் தெரிஞ்சுது. அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். வாய மூடு, வீட்டுக்குச் சோறு போடறவன் அவன்தான்னாங்க. மூடிக்கிட்டேன்." பிறகு, "உங்க வண்டி போச்சுன்னு கேட்டப்பவே எனக்குத் தோணுச்சு. கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல" என்றாள்.

கோபப்பட வேண்டும் என்று ரோலரக்காவுக்குத் தோன்றியது. ஆனால் நாத்தனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

இரண்டு பேரும் கீழே இறங்கிப் போனார்கள். நாத்தனார் வீட்டு மாடிப்படியின் கனத்த இரும்புக் கைப்பிடி தரையில் சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது. அதோடு சேர்த்து, சட்டத்தையும் பின்சக்கரத்தையும் பிடித்து, துவாரம் கீழே பார்க்கும்படி ரோலரக்கா பூட்டினாள். வண்டி இனி இங்கேயே இருக்கட்டும், காலையில் கொஞ்சம் நடந்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். இன்னொன்றை நாத்தனாரிடம் கொடுத்தாள். குட்டி இன்று ராத்திரி இங்கேயே தூங்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்களும் இருந்துடுங்களேன்" என்றாள் நாத்தனார்.

யூனிபாரம் வீட்டில் இருக்கிறது, குட்டிக்கு நாளைக்கு வேண்டிய பாடப்புத்தகமும் அங்கே என்றாள் ரோலரக்கா. அது உண்மைதான். அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

விளக்கு போடும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். டிரைவர் முட்டை பொரித்து, ரொட்டியைச் சுட்டு, அவளுக்கும் ஒரு தட்டு போட்டு வைத்திருந்தான். அந்தத் தட்டைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் எல்லாமே தன் மனப்பிரமையோ என்று தோன்றிவிட்டது. கட்டிலுக்கு அடியில் பை அப்படியே இருந்தது.

அவன் நல்ல மனநிலையில் இருந்தான். பூட்டு வாங்கினாயா, என்ன பூட்டு, நல்ல கனமா என்றெல்லாம் விசாரித்தான். வண்டி எங்கே என்றான். குட்டி எங்கே என்று அதற்குப் பிறகுதான் கேட்டான். இரண்டும் உங்கள் தங்கச்சி வீட்டில் என்றாள்.

"ரெண்டு சாவி குடுத்திருப்பானே. இன்னொண்ணை ஆணியில மாட்டிடு. அவசரத்துக்கு ஆகும்."

"அதையும் உங்க தங்கச்சிகிட்டக் குடுத்துட்டேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அவகிட்ட எதுக்கு?"

"அவளுக்கும் ஒரு வண்டி காணாமப் போச்சாமே. கால்வாய் வத்தினப்பதான் தெரிஞ்சுதாம்."

அவன் முகத்தில் அவள் எதைத் தேடினாளோ, அது வரவில்லை. வெட்கம் இல்லை, பயம் இல்லை. வேன் ஓட்டும்போது குறுக்கே வந்தவனைப் பார்க்கிற பார்வை ஒன்று அவனுக்கு உண்டு. அதுதான் வந்தது.

"அந்த வேலை உனக்கு எதுக்கு? இருட்டுல தனியாப் போற. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊர் யாரைக் கேக்கும்? என்னையத்தான் கேக்கும்."

"என் சைக்கிள் எங்கே?"

"தேடாதே."

ஒரே வார்த்தை. மறுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவினான், சட்டையை மாட்டினான். குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான்.

"அவ இன்னிக்கு அங்கேயே தூங்கட்டும்."

"என் பொண்ணு என் வீட்டுலதான் தூங்குவா."

அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் அடிக்கவில்லை. இரண்டு தோளையும் பிடித்து, ஒரு நாற்காலியை நகர்த்துவது போல நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிற்று.

தோளில் அவன் விரல் பதிந்த இடம் எரிந்தது. அவள் பின்னாலேயே இறங்கி ஓடினாள். தெருமுனைக்கு வந்தபோது, தெரிந்த யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் ஏறிப் போவது தெரிந்தது. ஓடிக்கொண்டே நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சைக்கிளில் வந்தால் ஒன்றுமே இல்லாத தூரம், இப்போது நீண்டுகொண்டே போயிற்று.

மருந்துக்கடை விளக்கு தெரிகிற இடத்தில் போனை எடுத்தாள் நாத்தனார். குரல் தணிந்திருந்தது.

"வந்துட்டான் அண்ணி. வாசல்ல நிக்கிறான். குட்டியக் கேக்கறான். சாவியக் கேக்கறான்."

"தொறக்காதே. நான் வந்துட்டே இருக்கேன்."

"தொறக்கல."

கதவு இடிபடும் சத்தம் போனிலேயே கேட்டது. நடுவில் குட்டியின் குரல்: "அத்தை, அப்பா." பயம் இல்லாத குரல், அப்பா வந்திருக்கிறார், கதவைத் திறக்காமல் என்ன செய்கிறாய் என்று கேட்கிற குரல். ரோலரக்கா செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

அப்போது நாத்தனார் பேசினாள். போனில் இல்லை, கதவைப் பார்த்து. அளந்து பேசுகிறவளின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை இவள் கேட்டதே இல்லை. மாடியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணே, என் சைக்கிளக் கால்வாயில போட்டது நீதானே? மொதல்ல அதச் சொல்லு. அப்புறம் கதவத் தொறக்கறேன்."

இடிப்பது நின்றது.

ரோலரக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அவன் போய்விட்ட சத்தமும் கேட்கவில்லை.